உம்மாவுக்கு எந்த விசா?

அந்த நாட்டின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் பேனாவைக் கழுவ வேண்டிவரும். குளிர் நாடு, என் தங்கச்சி புருஷனோடு போய்க் குடியேறிய நாடு, அவ்வளவு தெரிந்தால் போதும். அங்கே என் உம்மாவைச் சில மாதங்களுக்கு அனுப்ப நான் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் வாய் கசக்கிறது. அந்தக் கசப்பில் கால்வாசிதான் அந்த நாட்டுக்காரனுக்கு. மிச்சம் முழுவதும் நம்முடைய ஆட்களுக்கு.

தங்கச்சிக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. மூன்றாவது தங்கியது. தங்கியது என்று சொல்லவும் பயமாக இருந்தது, ஏனென்றால் டொக்டர் அவளைக் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். புருஷன் விடிய வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவான். அவள் தனியே படுத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் போனில், தன் அண்ணனான என்னை “நானா” என்று கூப்பிட்டு அழுதாள்.

“நானா, உம்மாவ அனுப்புங்க. வேற ஒண்டும் கேக்க மாட்டன். இதுவும் போனா எனக்கு ஏலாது.”

அனுப்புகிறேன் என்று சொன்னேன். உம்மாவை அனுப்புவதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். எனக்கு விசா என்றால் வெள்ளைக்காரர்களின் விசாதான் தெரியும். நான் வேன் ஓட்டுகிறவன். விமான நிலையத்தில் ஏற்றிக் கல்பிட்டியில் இறக்குவதுதான் என் தொழில். காற்று வீசும் மாதங்களில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்குவதற்கென்று கூட்டம் கூட்டமாக வருவார்கள். “உங்களுக்கு விசா எடுக்க எவ்வளவு நேரம் போச்சு?” என்று கேட்டால் சிரிப்பார்கள். வீட்டுச் சோபாவில் படுத்துக்கொண்டே போனில் அமத்தினேன், வந்துவிட்டது என்பார்கள். நீ எதற்கு வருகிறாய், உனக்கு அங்கே வீடு இருக்கிறதா, காணி இருக்கிறதா, திரும்பிப் போவாயா என்று அவர்களை ஒருவரும் கேட்பதில்லை. சுற்றிப் பார்க்கிற விசாவில் வந்து, சீசன் முழுக்க இங்கேயே சறுக்குப் பள்ளிக்கூடம் நடத்திக் காசு பார்க்கிறவனையும் எனக்குத் தெரியும். அரைக் காற்சட்டையோடு பள்ளிவாசல் வாசலைத் தாண்டிப் போவான். நம்மவர்கள் அவனுக்குக் கை காட்டி “குட்மோர்னிங்” என்பார்கள். நானும் காட்டியிருக்கிறேன், பிழைப்பு அப்படி.

உம்மாவின் விசாவுக்காகப் புத்தளம் டவுனில் ஒருவரிடம் போனேன். ஊரே அவரை ஹாஜியார் என்றுதான் கூப்பிடும். ஒரு சப்பாத்துக் கடைக்கு மேலே மாடியில் அறை. சுவர் முழுக்க விமானப் படங்கள், ஒரு பக்கம் கஃபாவின் படம். உள்ளே அத்தரும் மீன் ரோல்ஸும் சேர்ந்து மணத்தன. மனுஷன் ரோல்ஸைத் தின்றுகொண்டே உம்மாவின் பாஸ்போர்ட்டை வாங்கினார். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டினார். புத்தம் புதுப் பாஸ்போர்ட், ஒரு முத்திரையும் இல்லாத பாஸ்போர்ட், அதில் என்னத்தைப் புரட்டுகிறார்? அப்போதே எழுந்து வந்திருக்கலாம்.

விசாவில் வகை வகையாக இருக்கிறது என்பதை அவர்தான் எனக்குச் சொன்னார். சுற்றிப் பார்க்க ஒன்று, சொந்தக்காரரைப் பார்க்க ஒன்று, வைத்தியத்துக்கு ஒன்று, வியாபாரத்துக்கு ஒன்று.

“அப்ப சொந்தக்காரரப் பாக்கிற விசாதானே ஹாஜியார்? மகள்ட புள்ளப் பேத்துக்குத்தானே போறா.”

“ஐயையோ, அந்தக் கதையே எடுக்க வாணாம்,” என்றார். “புள்ளப் பேறுண்டு வாயத் தொறந்தா, வேலைக்காரியா வாறாண்டு நெனைப்பான். அதோட அங்கயே இருந்திருவாண்டும் நெனைப்பான். சுத்திப் பாக்கண்டு போடுவம். சுத்திப் பாக்க வாறவனத்தான் எல்லா நாட்டுக்கும் விருப்பம்.”

“என்ட உம்மா எதச் சுத்திப் பாப்பா?”

“அத நான் பாத்துக்கிறன். நீங்க உம்மாவக் கூட்டிக்கிட்டு கொழும்புக்கு மட்டும் போங்க.”

என் உம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உம்மா எங்கேயும் சுற்றிப் பார்த்ததில்லை. கண் ஒப்பரேஷனுக்குக் கொழும்புக்குப் போனார், கட்டு அவிழ்த்த கையோடு திரும்பிவிட்டார். கல்பிட்டியில் என் வீட்டுக்கு வந்தால் பகல் சாப்பாட்டோடு கிளம்பிவிடுவார், இரவு தங்க மாட்டார். அது என் மனைவிக்குச் சீதனமாக வந்த வீடு, மகனுக்குப் பெண் கொடுத்த வீட்டில் படுப்பது மரியாதை இல்லை என்பது உம்மாவின் எண்ணம். சொந்த மகன் வீட்டிலேயே ஓர் இரவு தங்காத மனுஷியை, கண்டறியாத ஒரு நாட்டுக்குச் சுற்றுலாப் போகிறவர் என்று எழுதிக் கொடுத்தோம்.

கொழும்பில் விரல் அடையாளம் எடுக்கிற இடத்தில் வாசலில் வெயிலில் நிறுத்திவைத்தார்கள். காவல்காரன் உம்மாவின் பையைக் கிளறி, தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் குப்பைத் தொட்டிக்குள் போட்டான். உள்ளே குடிக்கத் தண்ணீர் காசுக்கு விற்றார்கள். உம்மா “மகளப் பாக்கத்தானே,” என்று மட்டும் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

வாரங்கள் போயின. தங்கச்சியின் வயிறு வளர்ந்துகொண்டிருந்தது. நான் ஹாஜியாருக்கு எடுத்த போன் ஒவ்வொன்றுக்கும் “இன்ஷா அல்லாஹ், வரும்” என்றார். கடைசியில் பொறுக்க முடியாமல் நேரே மாடிக்கு ஏறினேன். முடிவு வந்து எத்தனையோ நாளாகிவிட்டதாம், அவர் சொல்லவில்லை. “நஸீப் இல்ல, விதி அப்பிடி,” என்று ஒரு கற்றைக் கடதாசியை நீட்டினார்.

உம்மாவின் முன்னால் குந்தி அதை வாசித்தேன். வெள்ளைக்காரரோடு பேசிப் பழகிய இங்கிலிஷ் எனக்கு இருக்கிறது, மெதுவாக வாசித்தால் விளங்கும். விண்ணப்பதாரருக்குச் சொந்த நாட்டில் வீடு இல்லை, காணி இல்லை, தொழில் இல்லை, புருஷன் உயிரோடு இல்லை. ஆகையால் அவர் திரும்பிப் போவார் என்று நம்புவதற்கு ஒரு காரணமும் இல்லை.

“எனக்கு ஒண்டும் இல்லண்டா எழுதிரிக்கான்?” என்று உம்மா கேட்டார்.

“ஓம் உம்மா. விசா இல்லயாம். நாசமாப் போவானுகள்!”

அதற்குப் பிறகு நான் கத்தியது பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். கடிதத்தோடு சேர்த்து, ஹாஜியார் அனுப்பிய விண்ணப்பத்தின் பிரதியும் இருந்தது. அதில் உம்மாவின் பயணத் திட்டம் என்று ஒன்று. முதல் நாள் பனிமலையில் கயிற்றுக் கார். அடுத்த நாள் படகுச் சவாரி. அதற்கு அடுத்த நாள் திராட்சைத் தோட்டத்தில் வைன் வகைகளைக் குடித்துச் சுவை பார்த்தல், இரண்டு மணித்தியாலம். ஐந்து நேரம் தொழுகிற என் உம்மா, பாணுக்குள் என்ன எண்ணெய் போட்டிருக்கிறார்கள் என்று பேக்கரிக்காரனைக் குறுக்குக் கேள்வி கேட்கிற என் உம்மா, வைன் குடித்துப் பார்க்கப் போகிறார்.

திரும்பவும் மாடிக்கு ஓடினேன். ஹாஜியார் அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “இது வேற பார்ட்டிட ப்ளான். கொப்பி பண்ணக்க மாறிப்போச்சு. பேர மட்டுந்தானே பாப்பான்.”

“ஒங்கட உம்மாவுக்கு இப்பிடிப் போடுவீங்களா?”

“என்ட உம்மா மக்காவுக்கு, உம்ரா செய்ய மட்டுந்தான் போவா,” என்றார் மனுஷன், ஒரு கூச்சமும் இல்லாமல். தூ! படியில் இறங்கும்போது உண்மையாகவே துப்பினேன். சப்பாத்துக் கடைக்காரன் என்னைத் திட்டினான்.

சரியான விசாவைக் கண்டுபிடித்தது தங்கச்சி. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டே அந்த நாட்டு அரசாங்கத்தின் பக்கத்தைப் போனில் வாசித்திருக்கிறாள். அதில் எல்லாம் வெட்ட வெளிச்சமாக எழுதியிருந்ததாம். மகளின் பிள்ளைப்பேற்றுக்குத் துணையாகத் தாய் வரலாம், அதைச் சொல்லியே விண்ணப்பிக்கலாம். ஒளிக்கவும் தேவையில்லை, மலை ஏறவும் தேவையில்லை. சும்மா கிடந்த உண்மையைப் பொய்யாக்கிக் கொடுப்பதற்குத்தான் நாம் ஒருவனுக்குக் கூலி கொடுத்தோம்.

“ஆனா நானா,” என்றாள், “உம்மா திரும்பி வருவாண்டு காட்டணும். அதுக்கு உம்மாட பேரில என்ன இரிக்கி?”

ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. வீடு பெண்ணுக்கு. ஆணுக்கு வீடு இல்லை, அவனுக்கு மனைவி கொண்டு வருகிற வீடு. உம்மா இருக்கிற வீடு உம்மாவின் வாப்பா உம்மாவுக்குச் சீதனமாகக் கொடுத்தது. புத்தளத்தில், கடலோரக் களப்பை ஒட்டி, ஓடு போட்ட வீடு. தங்கச்சிக்குக் கலியாணம் பேசி முடித்ததும் உம்மா அதைத் தங்கச்சியின் பெயருக்கு எழுதினார். வாப்பா மௌத்தான பிறகும், தங்கச்சி வெளிநாட்டுக்குப் போன பிறகும், உம்மா அதே வீட்டில்தான் இருக்கிறார். இருக்கிறார் என்றால், மகளுடைய வீட்டில் இருக்கிறார். அந்த நாட்டுக்காரனின் கணக்குக்கு, இங்கே உள்ள மகளின் வீட்டை விட்டுவிட்டு அங்கே உள்ள மகளின் வீட்டுக்குப் போகிற ஒரு கைம்பெண். திரும்பி வருவார் என்று அவன் ஏன் நம்ப வேண்டும்?

“வீட்ட உம்மாட பேருக்கே எழுதுவம்,” என்றாள் தங்கச்சி. “என்ட வீடு, நான்தானே எழுதணும்.”

சீதன வீடு திரும்பிப் போவதை எங்கள் ஊரில் யாரும் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் வயிற்றில் பிள்ளையோடு படுத்திருக்கிறவளிடம் ஊரைப் பற்றி என்ன பேச? அவள் கட்டிலிலேயே கையெழுத்துப் போட்டு, தனக்குப் பதிலாக நான் எழுதிக் கொடுப்பதற்கான அற்றோர்ணித் தத்துவத்தை எனக்கு அனுப்பினாள். அதை எடுத்துக்கொண்டு, வீட்டு உறுதிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசிடம் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“தலாக்கா?” என்றார்.

“இல்ல சேர், விசா.”

“விசாவா?” அவர் நம்பவில்லை. அவருடைய அனுபவத்தில் சீதன வீடு தாயின் பெயருக்குத் திரும்புவது ஒரே ஒரு காரணத்துக்குத்தான். உறுதி எழுதி முடியும் வரைக்கும் என்னை ஒரு மாதிரி இரக்கத்தோடுதான் பார்த்தார்.

அந்த இரக்கம் அன்றைக்கே ஊருக்குள் போய்விட்டது. நான் பள்ளிவாசலில் பகல் லுஹர் தொழுதுவிட்டு வெளியே வருவதற்குள் ஒருவர் தோளில் கை போட்டு “எல்லாம் சரி வரும் தம்பி, அல்லாஹ் இரிக்கான்” என்கிறார். இன்னொருவர் மாப்பிள்ளை அங்கே வெள்ளைக்காரியைக் கலியாணம் முடித்துவிட்டானா என்று காதுக்குள் கேட்கிறார். கட்டிலில் கிடந்து பிள்ளையைக் காக்கிற என் தங்கச்சியை, ஒரு பின்னேரத்துக்குள் வாழாவெட்டி ஆக்கிவிட்டார்கள். இல்லை என்று சொல்லச் சொல்ல, பாவம், மறைக்கிறான் என்று தலையை ஆட்டினார்கள்.

அடுத்ததாகப் பிறந்த கதை இதைவிட நாற்றம். தலாக் இல்லை என்று தெரிந்ததும், அப்படியென்றால் இது மகனுடைய வேலை என்று கண்டுபிடித்தார்கள். உம்மாவின் பெயரில் வீடு இருக்கும்போது உம்மா மௌத்தானால் ஷரீஅத் படி பங்கு பிரியும், மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. மகளிடம் முழுதாக இருந்த வீட்டை, விசாவைச் சாட்டி உம்மாவின் பெயருக்குத் திருப்பி, இரண்டு பங்குக்கு வழி பண்ணிவிட்டான் வேன்காரன். இதுதான் கதை. எனக்கு அந்தக் கணக்கு அதுவரை தோன்றவே இல்லை. தோன்றியவர்களுடைய தலைக்குள் என்னென்ன கிடக்கிறதோ!

தங்கச்சியின் மாமியார் வந்தார். கூடவே அவருடைய தம்பியும், பள்ளிவாசல் நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவரும். உம்மா கதிரைகளைத் துடைத்துப் போட்டு, அப்பம் சுட்டு, தேத்தண்ணி கொடுத்தார்.

“வீட்டப் பறிச்சுப்போட்டு என்ட மகனத் தெருவில விட்டிட்டீங்க,” என்று தொடங்கினார் மாமியார்.

“ஒங்கட மகன் அங்க ரெண்டு மாடி வீட்டில இரிக்கார்,” என்றேன்.

“அது பேங்கிட வீடு. இது சீதன வீடு. பேசின பேச்சு என்னத்துக்கு?”

“ஒங்கட பேரப்புள்ளக்காகத்தான் இவ்வளவும்.”

“புள்ள பெறக்கிறதுக்கும் உறுதிக்கும் என்ன சம்பந்தம்? நானெல்லாம் உறுதி எழுதியா பெத்தேன்?”

மாமியாரின் தம்பி அப்பத்தைப் பிய்த்துச் சீனிச் சம்பலில் தோய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார். “இங்க பாருங்க தம்பி. ஒங்கட உம்மாவுக்கும் வயசு போவுது. அந்தக் குளிருக்குப் போறா. போற எடத்தில ஒண்டு நடந்திட்டா என்ன செய்யிற? ரெண்டு பங்கு ஒங்களுக்கு, ஒரு பங்கு ஒங்கட தங்கச்சிக்கு. கணக்குத் தெரியாதவங்களா நாங்க?”

உம்மா அடுத்த அப்பத்தோடு குசினி வாசலில் நின்றிருந்தார். உம்மா சுட்ட அப்பத்தைத் தின்றுகொண்டே உம்மாவின் மௌத்தைக் கணக்குப் பார்த்தார்கள். சட்டியோடு தூக்கி எறிய வேண்டும் போல் இருந்தது எனக்கு. ஆனால் தங்கச்சி அந்தக் குடும்பத்தில் வாழ வேண்டியவள், வாயை விட்டால் அவளுக்குத்தான் அடி. பல்லைக் கடித்துக்கொண்டு, பள்ளி நிர்வாகத்துக்காரர் முன்னிலையில் வாக்குக் கொடுத்தேன். உம்மா போய்த் திரும்பி வந்ததும் வீடு மறுபடி தங்கச்சியின் பெயருக்கே எழுதப்படும், அந்த உறுதியைக் கொண்டுவந்து காட்டுவது என் பொறுப்பு. நிர்வாகத்துக்காரர் “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். தட்டில் அப்பம் ஒன்றும் மிஞ்சவில்லை.

இரண்டாவது விண்ணப்பத்தை நானும் தங்கச்சியும் போனில் பேசிப் பேசி நாங்களே போட்டோம். உள்ளதை உள்ளபடி எழுதினோம். முதல் விண்ணப்பத்தில் இருந்த பொய் முகவர் எழுதியது என்பதையும் எழுதினோம். ஆனாலும் அவர்கள் விடவில்லை, உம்மாவோடு பேச வேண்டும் என்று போன் எடுத்தார்கள். அதிகாரி இங்கிலிஷில் கேட்க, நடுவில் ஓர் இந்தியப் பெண் தமிழில் சொன்னாள். நான் போனை ஸ்பீக்கரில் போட்டு உம்மாவின் மடியில் வைத்தேன்.

“அம்மா, நீங்க எதுக்காக இங்க வர்றீங்க?”

“மகள் புள்ள பெறப் போறா. முந்தி ரெண்டு போய்ட்டு. நான் பக்கத்தில இரிக்கணும்.”

“முதல் விண்ணப்பத்துல வைன் டேஸ்டிங் போறதா இருக்கே?”

“அப்பிடிண்டா என்ன மகள்?”

“மதும்மா. குடிச்சு ருசி பார்க்கிறது.”

“அஸ்தஃபிருல்லாஹ்!” உம்மா மடியில் இருந்த போனைக் கீழே தள்ளிவிட்டார். நான் பாய்ந்து எடுத்தேன். “அத எழுதினவன்தான் குடிச்சிட்டு எழுதிரிப்பான். என்ட மௌத்து வரைக்கும் அந்த எழவு எனக்கு வாணாம்!”

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்ன மொழிபெயர்த்தாளோ தெரியாது. அதிகாரி எதையோ தட்டி எழுதுகிற சத்தம் கேட்டது. இதுவும் போனால் தங்கச்சிக்கு என்ன சொல்வேன்?

“சரிம்மா. மகள் அங்க இருக்கா, பேரப்பிள்ளையும் வரப்போகுது. நீங்க ஏன் திரும்பிப் போவீங்க?”

“என்ட வீடு இங்க இரிக்கி.”

“யார் பேர்ல இருக்கு?”

“என்ட பேரில,” என்றார் உம்மா. இன்னொரு முறை, யாரும் கேட்காமலே, “வீடு என்ட பேரில,” என்றார்.

சொல்லிக் கொடுத்ததைப் பிசகாமல் சொல்லிவிட்டார் என்று நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். உம்மா என்னைப் பார்க்கவில்லை.

விசா வந்தது. நோன்புப் பெருநாளுக்குக்கூட நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. வெள்ளைக்காரரை ஏற்றி இறக்குகிற அதே வேனில் உம்மாவை முன் சீட்டில் வைத்து விமான நிலையத்துக்குக் கொண்டுபோனேன். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்குத் தூளைத் துணியில் முடிந்து கைப்பையில் வைத்திருந்தார். சிலாபம் தாண்டும் வரைக்கும் யாசீன் ஓதிக்கொண்டே வந்தார். பிறகு நீர்கொழும்பில் தேத்தண்ணி கேட்டார்.

பிள்ளை பிறந்தது. பெண். தங்கச்சி வீடியோவில் காட்டினாள், உம்மா ஒரு தொட்டியில் வெந்நீர் வைத்துப் பிள்ளையைக் கால்களில் கிடத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார், அந்த ஊர்க் குளியலறையில் இருப்பதைப் போலவே தெரியவில்லை. தங்கச்சி சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு காலம்! எனக்கு அழுகை வந்துவிட்டது, வேனை ஓரம் கட்டிவிட்டு அழுதேன். பின்னால் இருந்த வெள்ளைக்காரன் என்ன நடந்தது என்று கேட்டான். என் உம்மாவுக்கு விசா கிடைத்தது என்று சொன்னேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

விசா முடிவதற்கு முன்பே உம்மா திரும்பினார். வந்த மறுநாள் மாமியாரின் தம்பி போன் எடுத்தார், சலாம் சொன்ன கையோடு “எழுத்து எப்ப?” என்றார். பயணம் எப்படி, பிள்ளை எப்படி, ஒன்றும் கேட்கவில்லை. பள்ளியில் நிர்வாகத்துக்காரர் என்னைக் கண்டால் தொண்டையைச் செருமினார். நான் போகிற வழியில் யாரோ “ரெண்டு பங்கு” என்று மெல்லச் சொல்லிச் சிரித்தார்கள். சீ, என்ன மனிதர்கள்! நொத்தாரிசிடம் வரைவைத் தயார் பண்ணச் சொல்லி, அதை எடுத்துக்கொண்டு உம்மாவிடம் போனேன்.

வீட்டின் முன்பக்கத்து அறை திறந்து கிடந்தது. அது மாப்பிள்ளை அறை. தங்கச்சியும் புருஷனும் வந்தால் படுப்பதற்கென்று, அவர்கள் போன நாளிலிருந்து பூட்டியே கிடக்கிற பெரிய அறை. உம்மா படுப்பது பின்னால், அரிசி மூட்டை வைக்கிற அறையில். இப்போது மாப்பிள்ளை அறையின் ஜன்னல்கள் திறந்து, களப்புக் காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. பெரிய கட்டிலில் உம்மாவின் தலையணையும், அலுமாரி மேல் உம்மாவின் மருந்துப் போத்தல்களும் இருந்தன. உம்மா கட்டிலில் உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்.

“உம்மா, நாளைக்கு நொத்தாரிசுகிட்டப் போவம்.”

“எதுக்கு?”

“வீட்டத் திருப்பி எழுத. வாக்குக் குடுத்தேனே.”

“வாக்குக் குடுத்தது நீ. என்னட்ட ஆரும் கேக்கல்ல.”

“தங்கச்சிட வீடு உம்மா.”

“அவள்ட கேட்டிட்டன். வச்சுக்கோங்கண்டு சொல்லிட்டா. என்ட காலம் முடிஞ்சா முழுக்க அவளுக்குத்தாண்டு நொத்தாரிசுட்ட எழுதச் சொல்லு, நீயும் கையெழுத்து வை. அது வரைக்கும் என்ட பேரில கெடக்கட்டும்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அதெல்லாம் பிறகு உம்மா! இப்ப ஊர் என்னக் கள்ளண்டு சொல்லுது. ரெண்டு பங்குக்கு ஆசப்பட்டுச் செஞ்சனாம். பள்ளிக்குப் போக மொகம் இல்ல எனக்கு!”

உம்மா எண்ணெய்ப் போத்தலை மூடினார். சத்தம் போடாமல்தான் சொன்னார்.

“ஒனக்கு நோகுது, எனக்கு வெளங்குது. அந்த மொதல் கடிதம் வந்த நேரம், எனக்கு வீடு இல்ல, வாசல் இல்ல, ஒண்டுமே இல்லண்டு நீதான் எனக்கு வாசிச்சுக் காட்டினாய். வாசிச்சிட்டு விசா இல்லண்டுதான் கத்தினாய். மத்ததெல்லாம் சரிதானேண்டு இருந்தாய்.”

நான் வரைவை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். கல்பிட்டி வரைக்கும் வேனை ஓட்டியது எப்படியென்று நினைவில்லை. வீட்டுக் கதவைத் திறந்தது என் மனைவியின் உம்மா. எங்கள் கலியாணத்துக்கு அந்த வீட்டை எழுதித் தந்தவர் அவர்தான். “சாப்பாடு போடவா மகன்?” என்று கேட்டுவிட்டு, குசினிக்குப் பக்கத்தில் தான் படுக்கிற பாயைச் சுருட்டி எனக்கு வழி விட்டார்.